ஏழாவது கட்டம்

டிபன் டப்பா அளவுதான்.
ரேஷன் கடைச் சன்ஷேடுக்குக் கீழே
இரண்டு கேபிள் டையில் தொங்கியது.
நிமிடத்துக்கு ஒருமுறை
அவனியாபுரத்துக் காற்றை ஒரு வாய் இழுத்து
எண்ணாக்கித் துப்பும்.

அரசுக் கருவி ஊருக்கு அங்கிட்டு எங்கோ இருக்கிறது.
அது 'திருப்தி' என்று சொல்லும் நாளிலும்
எங்கள் கொடியில் காயும் வெள்ளை வேட்டியில்
விரல் வைத்தால் ரேகை விழும்.

பி.எம். இரண்டரை என்று நான் தொடங்கியதும்
டீக்கடையில் அரசியல் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.
தூசி, அண்ணே.
முடியின் கனத்தில் முப்பதில் ஒரு பங்கு.
மூக்கு தடுக்காது. உள்ளே போனால்
வாடகை தராமல் தங்கிவிடும்.
"எங்க மாடியில குடியிருக்கிறவன் மாதிரி"
என்றார் செய்யது.

முதல் வாரம், தினமும் மாலை ஆறே முக்காலுக்கு
கோடு செங்குத்தாக ஏறியது.
பஸ், ஆலை, ஏரோபிளேன் என்று
ஆளாளுக்கு ஒன்று சொன்னோம்.
மனு எழுதி நாற்பது கையெழுத்தும் வாங்கியாயிற்று.
கடைசியில் பார்த்தால்
கருவிக்கு நேர் கீழே
லூர்துமேரியின் பஜ்ஜிச் சட்டி.
மனுவைக் கிழித்தேன்.
இரண்டு கடை தள்ளி, சலூன் வாசலில் மாட்டினேன்.

அதன்பிறகுதான் அந்த இன்னொரு மேடு தெரிந்தது.
பின்னிரவு இரண்டரையிலிருந்து நாலு வரை.
விமான நிலையத்து வானிலைக் கணக்கை எடுத்துப்
பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்:
தெற்குக் காற்றென்றால் இரண்டு மடங்கு.
தெற்கே வற்றிய கண்மாய்.
அங்கே தாமிரத்துக்காக ஒயர் எரிக்கிறார்கள்.
இதற்குக் கருவி எதற்கு,
தெருவுக்கே தெரியும்.
தெரியாமல் இருந்தது
எவ்வளவு, எத்தனை மணிக்கு,
யார் வீட்டு ஜன்னல் வரைக்கும் என்பதுதான்.

என் ஜெராக்ஸ் கடை ஷட்டரில்
வாரம் ஒரு தாள் ஒட்டினேன்.
தேதி, மணி, எண், வெப்பம், ஈரப்பதம், காற்றின் திசை.
ஆறு கட்டம்.
யார் வேண்டுமானாலும் படிக்கலாம்,
போட்டோ எடுக்கலாம், கலெக்டருக்கு அனுப்பலாம்.

மாசியில் மூன்று இரவுகள் எண் விழவில்லை.
ஈ.பி.யில் கேட்டேன், கரண்ட் போகவில்லை.
யாரோ பிளக்கைப் பிடுங்கி,
ஒயரை அழகாகச் சுருட்டி
ஆணியில் மாட்டியிருந்தார்கள்.

விடுபட்டதை நிரப்பவா என்று கேட்டது கம்ப்யூட்டர்.
முந்தின இரவையும் அடுத்த இரவையும்
கூட்டி வகுத்தால் பொருத்தமாக ஓர் எண் வரும்.
எவனும் சந்தேகப்பட மாட்டான்.
காலியாக விட்டேன்.

வியாழக்கிழமை மதியம், கடையில் ஆளில்லாத நேரம்,
முத்துப்பேச்சி வந்தாள்.
மருந்துக்கடைச் சீட்டு மூன்று. "இதை ஜெராக்ஸ் எடு."
நெபுலைசர் மருந்து. மகள் கனிஷ்கா, வயது ஏழு.
தேதியைப் பார்த்தேன்.
எண் விழாத அதே மூன்று இரவு.

மெஷின் சூடாகும் வரை பேசாமல் நின்றாள்.
"உரிச்சுக் குடுத்தா நாளாகுதுங்கிறாரு.
எரிச்சாத்தான் அன்னைக்கே காசு.
உன் பேப்பர்ல எங்க வீட்டுக்காரர் பேரு
எழுதியிருக்கிற மாதிரியே இருந்துச்சு எனக்கு."
பிறகு,
"ஒயரைச் சுருட்டித்தான் வச்சேன். அறுக்கல."

ஒரு காப்பி ரெண்டு ரூபாய்.
ஆறு ரூபாயை எண்ணி வைத்தாள்.
வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

அன்று இரவு தாளில் இன்னொரு கட்டம் போட்டேன்.
குறிப்பு என்று தலைப்பு.
மூன்று வரிசைக்கும் எண் இல்லை. பக்கத்தில்:
'கருவி ஓடவில்லை.
ஒரு குழந்தைக்கு மூச்சுத் திணறல். சீட்டு உண்டு.'
பெயர் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை இரண்டரைக்கு
மேடு மறுபடி ஏறியது.
பிளக் அதன் இடத்திலேயே இருந்தது.

காலையில் ஷட்டரைத் தூக்கப் போனால்
செய்யது நிற்கிறார்,
பின்னால் லூர்துமேரி,
இன்னும் நாலைந்து பேர், ஒருவர் கையில் பேனா.
"தம்பி, இந்தக் கடைசிக் கட்டத்தை
கொஞ்சம் அகலமாப் போடு.
எழுத இடம் பத்தல."