பதினேழாம் எண்

அட்டையில் பெயர் இல்லை. போட்டி விதி அப்படி.
சிவப்பு மையில் பதினேழு என்று ஓர் எண்,
பன்னிரண்டு பக்கம், மூலையில் ஒரு பின்,
பின்னைச் சுற்றித் துருவின் சின்ன வட்டம்.
பகடையே தொட்டிராதவர்களுக்கு
இரண்டு மணி நேரத்தில் முடிகிற ஒரு சாகசம்:
கேட்டது அவ்வளவுதான்.

தார்த்துவில் பிப்ரவரி. ஏமயோகி ஆறு உறைந்து கிடக்கிறது.
சைக்கிள் கடையின் பின்னறையில்
தொங்கும் சக்கரங்களுக்குக் கீழே மேசை போட்டேன்.
நான் நடுவர், இரண்டு அர்த்தத்திலும்.
குகைக்குள் என்ன இருக்கிறதென்று சொல்பவள்,
அந்தக் குகை தேறுமா என்று மதிப்பெண் போடுபவள்.

வந்தவர்கள் மூன்று பேர்.
பஸ் ஓட்டும் உர்மாஸ், கையுறையைக் கழற்றவே இல்லை.
இரவுப் பணி முடிந்து தூங்காமல் வந்த செவிலி லீவிகா.
அவள் மைத்துனன் ஹெண்ட்ரிக், வரி அலுவலகம்.
விதிப்புத்தகத்தை முன்பே படித்துவிட்டு வந்திருந்தான்;
எனக்கு அப்போதே பயம்.

முதல் பக்கம் முழுக்க ராஜ வம்சம்.
ஏழு தலைமுறை, யார் யாருக்கு விஷம் வைத்தார் உட்பட.
நான்காவது ராஜாவிலேயே லீவிகாவுக்குக் கொட்டாவி.
ஓரத்தில் எழுதினேன்:
பசியோடு வந்தவருக்கு முதலில் சூப் ஊற்று,
சமையல்காரன் ஜாதகம் அப்புறம்.

இரண்டாம் பக்கத்தில் ஒரு நீராலை.
பனியில் சிக்கி நின்றுபோன சக்கரம்.
கதவு பூட்டியிருக்கிறது. பகடையில் பதினைந்து விழுந்தால் திறக்கும்.
விழாவிட்டால்?
தாள் வாயே திறக்கவில்லை.

உர்மாஸ்: நான்கு.
ஹெண்ட்ரிக்: ஒன்பது.
லீவிகா: பதினொன்று, மறுபடி இரண்டு, மறுபடி இரண்டு.
இருபது முகம் இருந்தும்
எங்களுக்கு முகம் கொடுக்காத கல்.
நாற்பது நிமிடம் போயிற்று. பூட்டுக்கு அந்தப் பக்கம்
பத்துப் பக்கக் கதை
கணப்பருகே காலை நீட்டிப் படுத்திருந்தது.
மூன்று மதிப்பெண்ணை அங்கேயே வெட்டினேன்.

அப்போதுதான் உர்மாஸ்,
அதுவரை எண்களை மட்டுமே பேசியவர்,
கையுறையோடு மேசையை இரண்டு தட்டு தட்டினார்.
"உள்ளே யாரு? இதுதான் கடைசி வண்டி.
ஏறுறதுன்னா இப்பவே ஏறணும்."

தாளைப் புரட்டினேன்.
பூதம், ஒன்று. பலம், பன்னிரண்டு. கோடரி.
அதற்கும் கீழே, எறும்பு வரிசை மாதிரி:
இதற்கு இருட்டென்றால் பயம்.

"வண்டியில வெளிச்சம் இருக்கா?"
தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்டு கேட்டேன்.
உர்மாஸ் யோசித்தார், நிஜமாகவே யோசித்தார்.
"என் சீட்டுக்குப் பின்னால ஒரு விளக்கு எரியும்.
அங்க உட்காரலாம்."

கதவு திறந்தது. யாரும் உருட்டவில்லை.
ஹெண்ட்ரிக் விதிப்புத்தகத்தில் எதையோ தேடி
பாதியில் மூடினான்.
லீவிகா தூக்கம் கலைந்து கேட்டாள்,
"அது கடைசியா எப்ப சாப்பிட்டுச்சு?"

ராத்திரி மதிப்பெண் தாளோடு உட்கார்ந்தேன்.
தெளிவு, வேகம், புதியவருக்கு ஏற்றதா,
ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம்.
அந்த ஒரு நிமிடம் யாருடையது?
தட்டிய கை உர்மாஸுடையது, கரகரப்பு என்னுடையது.
இருட்டு மட்டும் பதினேழினுடையது.
யாரும் தட்டியிருக்காவிட்டால்
அந்த மூன்று சொல் பின்னோடு சேர்ந்து துருப்பிடித்திருக்கும்.
அதற்கும் சேர்த்துத்தானே மதிப்பெண்?

ஐந்தாம் எண்ணில் குறையே இல்லை.
வரைபடம் அழகு, எல்லாக் கதவும் திறந்தது,
ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் முடிந்தது,
ஆடியவர்கள் நன்றி சொல்லிக் கோட்டு மாட்டிக்கொண்டார்கள்.
அதில் பூதம் இருந்ததா என்று இப்போது நினைவில்லை.
அதற்கு ஒன்பது. நியாயமான ஒன்பது. திருத்தப் போவதில்லை.

பதினேழுக்கு ஆறு போட்டேன். அடித்தேன்.
ஏழு. அடித்தேன்.
கடைசியில் ஆறு, கொஞ்சம் பெரிதாக.
கீழே: வம்சத்தைக் கொளுத்து. பூட்டைப் பிடுங்கு.
இருட்டை முதல் பக்கத்துக்குக் கொண்டு வா.
கையெழுத்துக்குப் பதில் என் எண்: நடுவர் மூன்று.

இன்னும் ஏழு கட்டு மிச்சம்.
பதினெட்டைப் பிரித்தேன்.
முதல் வரியிலேயே ஒரு கதவு.
பூட்டு.