கடைக்குச் சொல்லாதது

கந்தப்பளைக் கடைக் கொப்பியில்
என் பெயருக்கு நேரே
பதினோராயிரத்து நானூறு.
அத்தனையும் போத்தல் மருந்து.
போன போகத்தில்
டாங்கியைத் தோளில் மாட்டி அடித்துவிட்டு வந்த மருதவீரன்
மூன்று நாள்
விரலை மடக்க முடியாமல் கிடந்தான்.
சோற்றை நான்தான் ஊட்டினேன்.
நாலாம் நாள் புழுக்கள் திரும்பி வந்தன,
மறுவீட்டு விருந்துக்கு வருவதுபோல்.

லயத்துக்குப் பின்னால் எட்டுப் பேர்ச்சஸ்.
ஆறு பாத்தி கோவா, ஓரத்தில் உருளைக்கிழங்கு.
இந்தக் குளிரில் வேம்பு நிற்காது.
நெடுங்கேணியில் மேசன் வேலை பார்க்கும் கொழுந்தன்
வவுனியா பஸ்ஸில் ஏற்றிவிட்டான்
உரப்பையில் மூன்று கிலோ வேப்பங்கொட்டை.
பைக்கும் டிக்கட் வெட்டினாராம் கண்டக்டர்.

ரோட்டுக்கு அந்தப் பக்கத்துக் குசுமலதா
காட்டுச் சூரியகாந்தி ஒரு கட்டு அறுத்து வந்து
உரலுக்குள் கையைக் காட்டினாள்.
இதையும் போடு என்கிறாள்.
போட்டேன்.
இடித்து, ஊறவைத்து,
விடியலில் பழைய சேலையில் வடித்து
அரைக்கட்டி சவர்க்காரம் கரைத்தபோது
"என்னடி, எலி செத்துக் கெடக்கா?" என்றாள்
அடுத்த காம்பரா ராக்காயி.

கொழுந்து நிறுத்துவிட்டு வந்து
வெயில் இறங்கியபின்
வாளியும் விளக்குமாறுமாக
இலைக்கு அடியில்,
அவை ஒளியும் இடத்தில் தெளித்தேன்.

காலையில் ஓடிப்போய்ப் பார்த்தேன்.
ஒன்றும் சாகவில்லை.
மறுநாளும்.
மருதவீரன் சிரித்தான்.
மூன்றாம் இரவு டோர்ச் அடித்தால்
இலைமேல் கிடக்கின்றன,
உயிரோடு,
தின்னாமல்.
பசி என்று ஒன்று இருப்பதே மறந்து.

செத்திருந்தால் ஒன்றும் தோன்றியிருக்காது.
அரைப்பேர் விழுந்த நாட்களில்
"பசிக்கலதானே, பசிக்கலதானே" என்று
பிள்ளைகளைக் கேட்டுக் கேட்டே
படுக்கவைத்த வாய் இது.
கொஞ்ச நேரம் நின்றேன்.
பிறகு ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி
கோழிக்கு எடுத்துவைத்தேன்.

உருளைக்கிழங்குதான்.
நாலு நாள் இறங்கிய மூடுபனி
இலைகளில் கறுப்பாய்த் தங்கிவிட்டது.
மூன்று முறை தெளித்தும்
அந்தப் பூஞ்சணம் கசப்பை மதிக்கவில்லை.
பிடுங்கிக் குவித்தோம்.
குசுமலதா மண்ணெண்ணெய் கொண்டுவந்தாள்.
புகையைப் பார்த்து நின்றோம்,
இரண்டு பாஷையிலும் சொல்ல ஒன்றும் இல்லாமல்.

கோவா அறுபத்திரண்டு.
லொறிக்காரன் மேலிலை ஓட்டைக்குள் விரலை விட்டு
கிலோவுக்கு இருபது குறைத்தான்.
சண்டை போட்டேன்.
பத்துக்கு வந்தான்.

இன்று கடைக்காரர்
கொப்பியில் நாலாயிரத்தை வெட்டினார்.
பின்னால் போத்தல் தட்டு
வரிசையாய், பளபளப்பாய்.
"இந்த முறை எது அம்மா?"
"ஒரு கட்டி சவர்க்காரம்."
"மேலுக்கா, உடுப்புக்கா?"
கொஞ்சம் யோசித்து
உடுப்புக்கு என்றேன்.