பதினோரு முறை

அதிகாரிக்குக் காபி கொடுத்தேன்.
பால் வேண்டாம் என்றார்.
ஜன்னலுக்கு வெளியே க்ராட்டன் துறைமுகம்,
உப்புத் தூவிய பனி,
பாதி கட்டிய நீர்மூழ்கி ஒன்றின் முதுகு.

கோரின் லபோசியேரை எவ்வளவு காலமாகத் தெரியும்?
ஒன்பது வருடம்.
ஒரே வீட்டில் இருந்தீர்களா?
இரண்டு குளிர்காலம், ஆளுக்குப் பாதி வாடகை.
வெல்டிங்கில் அவளை அடிக்க ஆளில்லை,
ஒட்டிய இடத்தைத் தடவித் தேடவேண்டும் என்றேன்.
அதை அவர் எழுதிக்கொள்ளவில்லை.

கஞ்சா?

பின்படிக்கட்டு. விறைத்த விரல்கள்.
ஒரே தீக்குச்சிக்கு இருவரும் குனிந்தது.
அவள் இருமி இருமிச் சிரித்தது.
இப்போது அதற்கு ஊருக்குள் கடையே இருக்கிறது,
பல் மருத்துவமனைக்கு அடுத்த கதவு,
வரி போட்டு ரசீதும் தருகிறார்கள்.
வாஷிங்டன் தாளில் மட்டும்
அது இன்னும் குற்றம்.

பார்த்ததே இல்லை என்றேன்.
இத்தனை சரளமாக வருமா பொய் என்று
கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சனிக்கிழமை வந்தாள், பூட்ஸில் சேற்றோடு.
"எல்லாத்தையும் எழுதிட்டேன் ஆமரோ.
பதினோரு முறை. உட்கார்ந்து எண்ணினேன்.
எந்த மாசம், எந்த வருஷம், கடைசியா எப்போ.
யாரோடன்னு கேட்டாங்க, உன் பேரைத்தான் போட்டேன்.
பழசை மன்னிப்பாங்களாம்.
மறைச்சாத்தான் வேலை போகுமாம்."
கோபமா உனக்கு, என்றாள்.

அந்தக் கோப்பையை நான் இன்னும் கழுவவில்லை.

அவள் போனபின்
ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து அவர் அட்டையை எடுத்தேன்.
பத்து இலக்கம்.
ஒன்பது வரை அழுத்திவிட்டேன்.