இடது இழுப்பு

இரண்டாயிரத்து மூன்று மாடல் ஆம்னி.
நான் நான்காவது ஓனர்.
முன்னால் ஓட்டியவர்கள் விட்டுப்போனவை:
பாதி கிழிந்த மாதா படம்,
உருது எழுத்தில் ஒரு ஸ்டிக்கர்,
கையை விட்டால் இடப்பக்கம் போகும் பழக்கம்.

காலை நாலரைக்கு லிங்கராஜபுரத்தில் முட்டை ஏற்றுவேன்.
தட்டுக்கு முப்பது, எழுபது தட்டு.
பேக்கரி பேக்கரியாக இறக்கிக்கொண்டே போனால்
கோல்ஸ் ரோட்டில் கடைசித் தட்டு.
உடைந்ததற்கு யாரும் காசு தருவதில்லை,
அதனால் உடைந்ததை எண்ணத் தெரியும் எனக்கு.
ஜனவரியில் நாளைக்கு நாலு.
குழாய் பதிக்கத் தோண்டி, மூடியதாகச் சொன்ன பிறகு
பதினொன்று.
பெரும்பாலும் பின்பக்கம், இடது மூலை.

இதற்கிடையில் வலது தோள்.
ஜடை போடக் கை மேலே போகவில்லை.
பிசியோதெரபிக்குப் போனேன்.
பாரம் தூக்குவீர்களா என்று கேட்டாள் சைத்ரா.
முட்டைதான், என்றேன்.
சிரித்துவிட்டு எதையோ எழுதிக்கொண்டாள்.
பச்சை ரப்பர் பட்டை ஒன்றைக் கொடுத்து
ஜன்னல் கம்பியில் கட்டி
தினம் இருபது முறை இழுக்கச் சொன்னாள்.

இழுத்தேன்.
விடிந்ததும் பட்டையை, விடியும்முன் ஸ்டியரிங்கை.

டேனரி ரோட்டில் முனீர் பாய்
ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தொங்கவிட்டார்.
இந்தக் கை ஒன்பது மணியில், அந்தக் கை மூணு மணியில்.
ஆட்டினார். டக்.
"ரெஜினாக்கா, நீங்களே புடிச்சுப் பாருங்க."
டக்.
எத்தனை நாளாய் அந்தச் சத்தத்தை
ரேடியோ வைத்து மூடியிருக்கிறேன்.

டயரின் உள்விளிம்பில் கையை ஓட்டச் சொன்னார்.
மொட்டை. கம்பி குத்தியது.
"வெளிய நின்னு பாக்குறவனுக்கு
டயர் நல்லாத்தான் தெரியும்."

லோயர் ஆர்ம் புஷ்ஷைக் கழற்றும்போதே
பழைய ரஸ்க் மாதிரி உதிர்ந்தது.
பின்னால் இடது பட்டையில் இரண்டாவது இலை விரிந்திருந்தது.
விரிசலுக்குள் துரு.
இன்று நேற்று உடைந்ததல்ல.
மீதி இலைகள் அதன் சுமையையும் சேர்த்துத் தாங்கி
இதுவரை வந்திருக்கின்றன,
என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.
சொல்லாமலா?
பதினொன்று பதினொன்றாய்ச் சொல்லித்தான் இருக்கின்றன.

"புஷ் இடதுபக்கம் மட்டும் மாத்தினா போதாதா பாய்?"
"போதும்.
அப்புறம் வண்டி வலதுபக்கம் இழுக்கும்."
இரண்டும் மாற்றினோம். டை ராட் எண்டும்.
ஒன்பது நாள் முட்டை லாபம் போனது.
அலைன்மென்ட் கடைத் திரையில்
சிவப்பாயிருந்த எண்கள் ஒவ்வொன்றாய்ப் பச்சையாகின.

மறுநாள் நாலே முக்கால். ஹென்னூர் மெயின் ரோடு காலி.
வண்டி வலப்பக்கம் போனது.
டிவைடரை உரசப் பார்த்தது.
ஓரம் கட்டி
தூங்கிக்கொண்டிருந்த மனிதரைப் போனில் எழுப்பிக் கத்தினேன்.
ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு கத்தினேன்.
அவர் கொட்டாவி விட்டார்.
"கையை எடுத்துட்டு ஓட்டுங்க.
பத்து எண்ணுங்க."

எடுத்தேன்.
எண்ணினேன்.
எழுபது தட்டோடு ஆம்னி
ரூல்தடியில் கோடு போட்டாற்போல் போனது.
மடியில் கிடந்த வலது கை மட்டும்
கொஞ்சம் மடங்கி
எதையோ பிடித்தபடியே இருந்தது.

சைத்ராவிடம் சொன்னேன்.
இந்த முறை சிரிக்கவில்லை.
பட்டையை வாங்கி மேசை டிராயரில் போட்டுவிட்டு
சும்மா தொங்கவிடுங்கள் கையை, என்றாள்.
அதைவிடப் பட்டை இழுப்பது சுலபம்.

பன்னிரண்டு நாளாயிற்று.
நேற்றும் கம்மனஹள்ளி நேர்ச்சாலையில்
யாரும் இழுக்காத ஒன்றை எதிர்த்து
இழுத்துக்கொண்டிருந்தேன்.
பின்னால் வந்த பால் வண்டிக்காரன் ஹாரன் அடித்தபிறகுதான் தெரிந்தது.

இன்று உடைந்தது இரண்டு.
ஒன்று, நான் இறக்கும்போது.