துறையேற்றம்

நாடு மருமகனுக்கா மகனுக்கா என்று
இந்த மண் தன்னையே வெட்டிக்கொண்ட ஆண்டுகளை
நாவலாக எழுத உட்கார்ந்தேன்.
அரைப் பரீட்சை விடுமுறை, பதினோரு நாள்.
கையில் பதினாறு அத்தியாயம்,
பதினேழில் வண்டி நின்றுவிட்டது.

தக்கலையில் இறங்கி
கோட்டை மதிலை ஒட்டி நடந்தால்
பகவதியப்பன் வீடு.
ரெக்சின் பெட்டியைத் திறந்தார்.
வசம்பு மணம், கரையான் தின்ற மூலைகள்,
கொல்லம் தொள்ளாயிரத்துச் சொச்சத்து ஓலை.
படம் எடுத்துக்கொள்ளலாம், ஒரே நிபந்தனை:
"எங்க காரணவரு ராஜா பக்கமாக்கும்.
அத மட்டும் மாத்திராதீங்க டீச்சர்."

இரண்டு தெரு தள்ளி நீலகண்டன் தம்பி சொன்னார்:
"அந்த வீட்டுல நாங்க கை நனைக்கதில்ல.
எங்களுக்கு மூணு தலை போச்சு."
போன மாதம் போனதுபோல் சொன்னார்.
நான் இரண்டு வீட்டிலும் சாயா குடித்தேன்.
இரண்டிலும் சீனி கூடுதல்.

ஓலைக்கு அழத் தெரியாது, கணக்குத்தான் தெரியும்.
படைக்கு அரி பதினொரு கோட்டை.
தேங்காய் நானூறு.
காளை ஒன்று, செத்தது, விலை இல்லை.
கயிறு இருபது முழம்.
எதற்குக் கயிறு என்று எழுதவில்லை;
எனக்கு எழுத வேண்டியிருக்கவில்லை,
புளியமரம் ஒன்றை அத்தியாயத்தில் நட்டேன்.

அடுத்த வரி:
தோற்ற வீட்டுப் பெண்ணும் பிள்ளையும் ஏழு பேர்,
துறையேற்றியது.
அவ்வளவுதான். ஒரு வினைச்சொல்,
அதற்குள் ஏழு பேர்.
கொன்றவர்கள் கொல்லாமல் விட்டவர்களை
மீன்பிடிக்கிற துறைக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று
ஊரில் ஒரு கதை உண்டு.
அந்தக் கதையை நம்பி எழுதினேன்:
அவிழ்ந்த கூந்தல், கறுத்த கடல்,
மூக்கைப் பொத்திய சின்னப் பெண்.
'நாற்றம்' என்ற சொல் நான்கு இடத்தில்.

ஐப்பசியில் எந்த மீன் படும் என்று கேட்கத்தான்
கடியபட்டணம் போனேன்.
சலேத்தம்மாளுக்கு என் வயதுதான்.
ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து
ஏலக் கணக்கை போனில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.
"என்ன எழுதுறிய, வாசியுங்க கேப்போம்."
வாசித்தேன். பாதியில் கை காட்டி நிறுத்தினாள்.

"அப்போ எங்க வீட்டுக்கு வந்ததுதான்
தண்டனையாக்கும்?"

எனக்குப் பின்னால் யாரோ சாளையைக் கொட்டினார்கள்.
பெட்டி வெள்ளம் செருப்புக்குள் ஏறியது.

"தலைய வெட்டுனவன் வீட்டுல இருந்திருந்தா
சோறு எறங்கியிருக்குமா அவளுக்கு?
வந்தன்னிக்கு ராத்திரி
கஞ்சி ஊத்துனவ ஒருத்தி இருந்திருப்பால்லா,
அவள எழுதுனியளா?"
பதிலுக்கு நிற்கவில்லை.
கூடை எண்ணூற்று ஐம்பதுக்குப் போய்க்கொண்டிருந்தது,
அவள் தொள்ளாயிரம் என்று கத்தினாள்.

திங்கள்சந்தை வரை பேருந்தில் நின்றுகொண்டே
போனில் ஓலைப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
கஞ்சி இல்லை. இருக்காது.
யார் செலவிலோ ஊற்றியதை
அரண்மனை எதற்குக் குறித்துவைக்கும்?
ஆனால் கரையான் விட்டுவைத்த ஓரத்தில்,
இத்தனை நாள் கீறல் என்று நினைத்திருந்த இடத்தில்,
ஒரு சொல்: வள்ளம்.
கயிறுக்கு நேர் கீழே.

வள்ளம் கட்டவும் கயிறு வேண்டும்.
தூக்குக்கும் வேண்டும்.
இருபது முழம் எதற்குப் போனது என்று
இன்றைக்கும் எனக்குத் தெரியாது.
புளியமரத்தைப் பிடுங்கிவிட்டேன்.
நான்கு நாற்றத்தையும் அடித்தேன்.
இப்போது அத்தியாயம் இப்படித் தொடங்குகிறது:
ஒருத்தி அடுப்பை ஊதுகிறாள்,
வெளியே ஏழு பேர் நனைந்து நிற்கிறார்கள்,
சட்டியில் ஐந்து பேருக்குத்தான் இருக்கிறது.
அவளுக்குப் பெயர் கிடைக்கவில்லை.
வாயில் வந்த பெயரெல்லாம் நான் வைப்பதாகவே இருந்தது.
இப்போதைக்கு ஒரு கோடு போட்டிருக்கிறேன்.

நேற்று இரவு பகவதியப்பன் கூப்பிட்டார்.
"டீச்சர், எங்க காரணவரு
எந்தப் பக்கம் வாராரு?"

இருநூற்றுப் பதினொன்று, என்றேன்.
கயிறு அளந்து கொடுக்கிறார்.