ஈயக்குண்டுகள்

மிலென்காவுக்கு ஏழு முடிந்து நான்கு மாதம்.
பேருந்தில் அவளுக்கு யாரும் டிக்கெட் கேட்பதில்லை.
இறங்கும்போது அவளே ஓட்டுநரிடம் போய்ச் சொல்வாள்:
"எனக்கு ஏழு. அரை டிக்கெட் உண்டு."
அவர் சிரிப்பார்.
அவள் சிரிக்க மாட்டாள்.

பள்ளிக் காலணிக்கு இது மூன்றாவது வருடம்.
காலுக்குப் பற்றாமல் போகுமுன்
தேய்ந்து போகிறது.
செலவு மிச்சம் என்று ஒருமுறை வாய் தவறிவிட்டேன்.
இவோன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

புந்தா அரேனாஸில் வசந்தம் வந்தால்
பூவுக்கு முன்னால் காற்று வரும்.
சதுக்கத்து முனையில் கயிறு கட்டுவார்கள்,
மனிதர்கள் பிடித்து நடக்க.
எனக்கு மார்பளவு, அவளுக்குத் தலைக்கு மேலே.
எம்பிப் பிடித்து, பாதி தொங்கியபடி நடப்பாள்.
தூக்கிக்கொள்ளட்டுமா என்றால்
கயிற்றைத்தான் பார்ப்பாள்.

நண்டுப் படகில் என் கையில் எப்போதும் அளவுகோல்.
ஓட்டின் அகலம் போதாவிட்டால் திரும்பக் கடலுக்கு.
சின்னது. சின்னது. இதுவும் சின்னது.
ரப்பர் பூட்ஸோடு அந்தச் சொல்லையும்
வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான்
வீட்டுக்குள் போகிறேன்.

மருத்துவமனை அட்டையில் அடுக்கடுக்காய் வளைகோடுகள்.
அத்தனைக்கும் கீழே, வெறும் தாளில்
அவளுடைய புள்ளி.
ரத்தம் எடுத்தாயிற்று, மணிக்கட்டு எலும்பைப் படமெடுத்தாயிற்று.
"இப்படியும் குழந்தைகள் இருப்பார்கள்" என்றார் டாக்டர்,
பேனாவை மூடிக்கொண்டே.

போன செவ்வாய்க்கிழமை எடைமேடையின் முள்
ஒரு கிலோ எண்ணூறு கூடுதலாய் நின்றது.
எனக்குக் கண் கலங்கிவிட்டது.
நர்ஸ் நோர்மா மட்டும் முள்ளைப் பார்க்காமல்
அவள் ஸ்வெட்டரை லேசாகத் தொட்டுப் பார்த்தாள்.
இடுப்பைச் சுற்றி இவோனுடைய ஸ்கார்ஃப்,
அதற்குள் முடிந்து
என் வலையின் ஈயக்குண்டுகள், ஆறு.
ஒவ்வொன்றாய் மேசையில் வைத்தாள்.
ஒவ்வொன்றும் ஒரு சத்தம்.

"நீ முள்ளையே பார்க்கிறாய், அப்பா" என்றாள் மிலென்கா.
கோபமெல்லாம் இல்லை.
காலணியின் நாடா அவிழ்ந்திருக்கிறது என்பதுபோலச் சொன்னாள்.

நோர்மா அட்டையில் எழுதினாள்: பதினான்கு எண்ணூறு.
போன தடவையும் அதேதான்.

வெளியே கயிறு விறைத்து அதிர்ந்துகொண்டிருந்தது.
இரண்டு கையையும் நீட்டினாள்.
"இப்போ கொடு. காற்றுக்கு வேணும்."
வலப் பையில் மூன்று,
இடப் பையில் மூன்று போட்டேன்.
கயிற்றைத் தொடாமல் முன்னால் நடந்தாள்,
கால்களை அகற்றி வைத்து, படகுக்காரனைப் போல.

என் தொப்பிதான் பறந்தது.