ஆறு, கோடு, ஐந்து

செக்காலை ரோட்டில் மருந்துக்கடைக்கு மேல்
எனக்கொரு மேசை, நாலு உலாவிகள்.
டயாலிசிஸ் நிலையத்துக்கு முன்பதிவுப் படிவம்:
பெயர், கைபேசி எண், தேதி.
தேதியில்தான் வினை.

ஒன்றில், கட்டத்தைத் தொட்டால் நாள்காட்டி விரியும்.
இன்னொன்றில் கட்டம் கட்டமாகவே கிடக்கும்,
வாய் திறக்காத சாட்சி மாதிரி.
நான் எழுதியது ஒரே வரி.

கண்டனூர் வள்ளிக்கண்ணு
மகன் கழித்துப்போட்ட போனில் அடித்தாள்:
ஆறு, கோடு, ஐந்து.
மே ஆறு என்று அவள் நினைத்தாள்.
ஜூன் ஐந்து என்று அது எடுத்துக்கொண்டது.
இரண்டுமே தப்பில்லை.
அதுதான் தப்பு.

முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள்,
வீங்கிய காலில் செருப்பு ஏறாமல்
அதைப் பையில் போட்டுக்கொண்டு.
பட்டியலில் பெயர் இல்லை.
ரத்தத்துக்கு ஒரு மாதம் பொறுக்கத் தெரியாது.

நர்ஸ் ஜெசிந்தா
பட்டியலின் ஓரத்தில் பென்சிலால் அவளைச் செருகினாள்,
பதினொரு மணிக்காரருக்கும்
மூன்று மணிக்காரருக்கும் நடுவே.

அன்றிரவு உலாவி செய்கிறவர்களுக்கு எழுதினேன்.
‘ஏற்கெனவே பதிவான பிழை’ என்று பதில்.
பதிவான நாளைப் பார்த்தேன்;
நான் அப்போது பாலிடெக்னிக்கில் சேர்ந்திருக்கவே இல்லை.

விதி இல்லாமல் இல்லை.
ஆண்டு முன்னே, மாதம் அடுத்து, நாள் கடைசி;
எழுதி, ஒப்புக்கொண்டு, கலைந்துபோயிருக்கிறார்கள்.
திங்கட்கிழமைச் சந்தையில்
கத்தரிக்காய் நிறுக்கிறவர்
எடைக்கல்லைக் கவிழ்த்து முத்திரையைக் காட்டுவார்.
புதுவயலிலும் அது கிலோ, கழனிவாசலிலும் அது கிலோ.
யாரிடம் போய்
உலாவியைக் கவிழ்த்துக் காட்டச் சொல்வது?

தேதியை மூன்றாக உடைத்தேன்.
மாதத்தை எண்ணில் கேட்காமல் பெயரில் கேட்டேன்.
‘மே’யை ஜூன் என்று வாசிக்க
எந்த இயந்திரத்தாலும் ஆகாது.
நிரலுக்குள் ஒரு குறிப்பு வைத்தேன்:
நாலும் ஒத்துப்போகும் நாளில் இதை நீக்கவும்.

மூன்று வருஷம்.
நேற்று வந்த புதுப் பதிப்பில்
நாலும் விரிந்தன, ஒரே நாள்காட்டியாக.
கீழே போய் டீ வாங்கி வந்தேன், இரண்டு வடையும்.
அழிக்கும் பொத்தானில் விரல் வைத்தேன்.

அப்புறம் பதிவேட்டைத் திறந்தேன்.
போன வாரம் மட்டும்
புதுப் பதிப்பு ஏறவே ஏறாத போன்களிலிருந்து
பதினேழு பேர்.

விரலை எடுத்தேன்.
குறிப்புக்குக் கீழே
இன்றைய தேதி போட்டேன்,
மாதத்தை எழுத்தில்.